பனிக்கட்டிக்கு அடியில் பீவர் பிடித்தல்

பனிக்கட்டிக்கு அடியில் பீவர் பிடித்தல் என்பது கனடாவிலும் அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடபகுதிகளிலும் உறைந்த ஆறுகள், ஓடைகள், குளங்களில் குளிர்காலத்தில் நடைபெறும் பொறி வேட்டை முறையாகும். பீவர் என்பது மரங்களைப் பல்லால் அரிந்து வீழ்த்தி, நீரோட்டத்தை மறித்து அணை கட்டும் கொறிணி விலங்கு. குளிர்காலத்தில் இதன் மென்மயிர் நன்கு அடர்ந்திருப்பதால் தோலுக்காக அப்பருவத்தில் பிடிக்கப்படுகிறது. பழங்குடி மக்கள் பலருக்கு இதன் இறைச்சி உணவும் ஆகும்.

பீவர் அடிக்கடி நீந்திச் செல்லும் வழிகளில் பனிக்கட்டி மெல்லியதாகவே உறையும். எனவே விலங்கு எங்கே உள்ளது என்று காட்டும் அடையாளங்களே, மனிதன் எங்கே கால் வைக்கக் கூடாது என்பதையும் காட்டுகின்றன. இவ்வடையாளங்களை அறிவதே இத்தொழிலின் அடிப்படை.

குளிர்காலத்தில் பீவரின் வாழ்க்கை

வட அமெரிக்க பீவரின் அறிவியல் பெயர் காஸ்டர் கனடென்சிஸ். இது குளிர்கால உறக்கம் கொள்வதில்லை. குச்சிகளாலும் சேற்றாலும் கட்டிய குடிலிலோ, ஆற்றங்கரையில் தோண்டிய வளையிலோ குடும்பமாக வாழ்கிறது. ஒரு குடும்பத்தில் பொதுவாக ஓர் இணையும், முந்தைய ஆண்டுக் குட்டிகளும், அவ்வாண்டுக் குட்டிகளும் இருக்கும். குடிலின் வாயில்கள் நீருக்கு அடியில் அமைந்திருக்கும்.

இலையுதிர் காலத்தில் ஆஸ்பென், வில்லோ முதலிய மரங்களின் கிளைகளை வெட்டி, குடிலுக்கு அருகே நீருக்குள் குவித்து வைக்கும். ஆறு உறைந்த பின் இக்குவியலே அதன் உணவு. குடிலுக்கும் குவியலுக்கும் இடையே பனிக்கட்டிக்கு அடியில் நீந்திச் சென்று வருகிறது. ஒரே மூச்சில் சுமார் 15 நிமிடம் வரை நீரில் மூழ்கியிருக்க இதனால் முடியும். அது வெளிவிடும் காற்று பனிக்கட்டியின் அடிப்பரப்பில் குமிழிகளாக உறைந்து வெண்ணிறத் தடமாகத் தெரியும்.

வரலாறு

பீவரின் மென்மயிரிலிருந்து செய்த கம்பளத் தொப்பிகளுக்கு ஐரோப்பாவில் நீண்ட காலம் பெரும் வரவேற்பு இருந்தது. 1670-இல் தொடங்கப்பட்ட ஹட்சன் விரிகுடா நிறுவனம் இவ்வணிகத்தால் வளர்ந்தது. அதன் வணிக நிலையங்களில் நல்ல நிலையிலுள்ள ஒரு பீவர் தோலே மற்றப் பொருள்களின் விலையைக் கணக்கிடும் அலகாக விளங்கியது. எஃகுப் பொறிகள் பரவுவதற்கு முன், பழங்குடி வேட்டையர் நீரோட்டத்தின் குறுக்கே கழிகளை நட்டு வழியை அடைத்தனர். பின் இரும்பு உளியால் பனிக்கட்டியைத் தட்டி, எழும் ஓசையைக் கொண்டு கரையோர வளைகளைக் கண்டறிந்தனர். வடகனடாவில் பயணம் செய்த சாமுவேல் ஹெர்ன் 18-ஆம் நூற்றாண்டில் இதை விவரித்துள்ளார்.

அளவற்ற வேட்டையால் பல பகுதிகளில் பீவர் அருகிப்போனது. 1930-களில் ஜேம்ஸ் விரிகுடாப் பகுதியில் பீவர் காப்பிடங்கள் ஏற்படுத்தப்பட்டன. அங்குக் கிரீ மக்களில் ஒவ்வொரு வேட்டைப் பகுதிக்கும் பொறுப்பானவர் பீவர் குடில்களை எண்ணிக் கணக்குக் கொடுத்தார். எண்ணிக்கை மீண்ட பின்னரே வேட்டை மறுபடி அனுமதிக்கப்பட்டது. 1975-இல் பீவர் கனடாவின் தேசியச் சின்னமாகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டது.

பனிக்கட்டியில் பாதுகாப்பு

தெளிந்த, உறுதியான புதுப் பனிக்கட்டி ஒருவர் நடப்பதற்குக் குறைந்தது 10 செ.மீ. தடிப்பு இருக்க வேண்டும் என்பது பொது வழிகாட்டுதல். பனி ஊர்திக்கு இதைவிடக் கூடுதல் தடிப்பு தேவை. வெண்பனி கலந்து உறைந்த வெள்ளைப் பனிக்கட்டிக்கு ஏறத்தாழப் பாதி வலிமையே உண்டு. எனவே தடிப்பை இரு மடங்காகக் கொள்ள வேண்டும்.

இந்த அளவுகள் ஏரிக்கே ஓரளவு பொருந்தும். ஆற்றில் நீரோட்டம் பனிக்கட்டியை அடியிலிருந்து அரிக்கிறது. பத்து அடி தூரத்துக்குள்ளேயே தடிப்பு மாறிவிடும். உறைந்த பிறகு நீர்மட்டம் இறங்கினால், பனிக்கட்டி தாங்கலின்றி வெற்றுக்கூரை போல் நிற்கும். குடில், உணவுக் குவியல், அணை, ஊற்று, ஓடை கலக்குமிடம் ஆகியவற்றின் அருகே கூடுதல் எச்சரிக்கை தேவை. மேலே மூடிய வெண்பனி குளிரைத் தடுத்து, பனிக்கட்டி தடிப்பதையும் தடுக்கிறது.

ஆகவே அனுபவமுள்ளவர்கள் நீண்ட கைப்பிடியுள்ள இரும்பு உளியால் முன்னே குத்திப் பார்த்துக்கொண்டே அடியெடுத்து வைப்பர். ஒரே குத்தில் உளி உள்ளிறங்கினால் வந்த வழியே திரும்பிவிடுவர். தனியே செல்லாமை, மிதவை அங்கி, கழுத்தில் தொங்கும் கூர்முனைப் பிடிகள், நீர்புகாப் பையில் மாற்றுடையும் தீப்பெட்டியும் ஆகியவை அடிப்படைத் தேவைகள்.

தவறி விழுந்தவர் முதல் ஒரு நிமிடத்தில் மூச்சைக் கட்டுப்படுத்த வேண்டும். அடுத்த சுமார் 10 நிமிடமே கைகால்கள் பயன்படும். உடல் குளிர்ந்து நினைவிழக்க ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். வந்த திசையில் உள்ள பனிக்கட்டி அவரை ஏற்கெனவே தாங்கியது. அப்பக்கமே திரும்பி, கால்களை உதைத்து, வயிற்றின்மேல் சறுக்கி ஏற வேண்டும். ஏறியதும் எழுந்து நிற்காமல் உருண்டு விலக வேண்டும்.

பொறி வைக்கும் முறை

குடில்களையும் குவியல்களையும் ஆறு உறையும் முன்பே பார்த்துக் குறித்துக்கொள்வது சிறந்தது. பீவருக்கு இன்று பெரிதும் பயன்படுவது, கனடாவில் பொறி வேட்டையராக இருந்த பிராங்க் கோனிபெயர் வடிவமைத்த உடற்பிடிப் பொறி. இதில் 330 எனப்படும் அளவு ஏறத்தாழ 25 செ.மீ. சதுரச் சட்டம் கொண்டது. பொறியைக் கழியில் கட்டி, பனிக்கட்டித் துளை வழியே இறக்கி, வாயில் வழியிலோ புதிதாக வெட்டிய ஆஸ்பென் கிளையை இரையாகக் கொண்டோ நிறுத்துவர். துளையை வெண்பனியால் மூடினால் அது விரைவில் உறையாது.

இப்பொறியின் வில் மனிதக் கையை முறிக்கும் வலிமையுள்ளது. ஆகவே விற்களுக்கு இடுக்கியும் பாதுகாப்புக் கொக்கியும் பயன்படுத்த வேண்டும். கை சிக்கினால் வில்லை இழுத்து அமுக்க உதவும் கயிறு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

சட்டமும் விலங்கு நலமும்

கனடாவில் பொறி வைக்க உரிமம் தேவை. பருவமும் விதிகளும் மாகாணத்துக்கு மாகாணம் மாறும். மனிதத்தன்மையுள்ள பொறி வேட்டைத் தரங்கள் குறித்து ஐரோப்பிய ஒன்றியமும் கனடாவும் 1997-இல் ஒப்பந்தம் செய்தன. அதன்படி பீவரைக் கொல்லும் பொறி 300 விநாடிக்குள் அதை உணர்விழக்கச் செய்ய வேண்டும். நீண்ட நேரம் மூச்சடக்கும் விலங்கை நீரில் மூழ்கடிப்பது கொடிய துன்பம் என விலங்கு நலத்தோர் எதிர்க்கின்றனர். அதே வழியில் நீந்தும் நீர்நாயும் பொறியில் சிக்கக்கூடும். பொறியின் விசைக்கம்பியை ஒரு பக்கமாக ஒதுக்கி வைப்பது இதைக் குறைக்கும்.

ஒரு குடிலில் உள்ள அனைத்தையும் பிடித்துவிட்டால் அணையைப் பேண விலங்கு இராது. அணை உடைந்தால் குளம் வற்றி, அதைச் சார்ந்த மீனும் பறவையும் இடம்பெயரும். எனவே சில விலங்குகளைப் பிடித்ததும் பொறியை எடுத்துவிட்டு அடுத்த குடிலுக்குச் செல்வதே அனுபவமுள்ளோர் வழக்கம்.