ஓட்டாஞ்சில்லில் கூலிக் கணக்கு

மன்னர்கள் கல்லிலே எழுதினார்கள். மலையைக் குடைந்து எழுதினார்கள். வென்ற நாடுகள் எத்தனை, கொண்டுவந்த பொன் எவ்வளவு, தெய்வத்துக்குப் படைத்த காணிக்கை என்ன என்று வரிசை வரிசையாகப் பொறித்து வைத்தார்கள். அந்த மலையைக் குடைந்தவன் அன்று மாலை என்ன சாப்பிட்டான் என்பதை மட்டும் அவர்கள் பொறிக்கவில்லை.

ஆனால் அதுவும் எழுதப்பட்டிருந்தது. வேறு இடத்தில், வேறு கையால்! உடைந்த பானையின் ஓட்டிலும், கல்தச்சன் கொத்தி எறிந்த சுண்ணாம்புக்கல் சில்லிலும் மையால் எழுதி, வேலை முடிந்ததும் குப்பையில் வீசப்பட்டிருந்தது. அந்தக் குப்பையை வாழ்நாளெல்லாம் குனிந்து படித்த ஒரு மனிதரைப் பற்றித்தான் இன்று நாம் பேசப் போகிறோம். அவர் பெயர் யாரொஸ்லாவ் செர்னி.

எகிப்தின் பழைய எழுத்து என்றவுடன் படித்தவர்கள் சொல்லும் பெயர் சாம்போலியன். பிரெஞ்சுக்காரர். 1822-ல் சித்திர எழுத்தின் புதிரை அவிழ்த்த பேரறிஞர். அவர் பெருமையை நாம் குறைக்கவில்லை. ஆனால் கோயில் சுவரில் பறவையும் பாம்புமாக நிற்கும் அந்தச் சித்திர எழுத்து, பெரும்பாலும் அரசனின் எழுத்து, ஆலயத்தின் எழுத்து. அன்றாடக் கணக்கு எழுதிய கணக்கப்பிள்ளைக்குப் பறவை வரைய நேரமேது? அவன் நாணல் பேனாவால் வேகமாக இழுத்து எழுதினான். அந்த எழுத்துக்கு ஹீராட்டிக் என்று பெயர். அச்செழுத்துக்கும் பத்திரம் எழுதுகிறவர் கிறுக்கும் எழுத்துக்கும் உள்ள தூரம்தான் இரண்டுக்கும். ஆளுக்கு ஆள் கையெழுத்து மாறும். மை மங்கியிருக்கும். பாதி உடைந்திருக்கும். அதைப் படிப்பதில் செர்னிக்கு இணையாக அவர் காலத்தில் வெகு சிலரே இருந்தனர்.

செர்னி 1898-ல் பொஹீமியாவின் பில்சன் நகரில் பிறந்தார். பிராக் நகரில் சார்லஸ் பல்கலைக் கழகத்தில் பேராசிரியர் லெக்சாவிடம் எகிப்தியல் படித்தார். படிப்புக்கும் பிழைப்புக்கும் பணம் வேண்டுமே! ஒரு பாங்கியில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். பகலெல்லாம் பிறர் பணத்தின் கணக்கு. இரவிலே மூவாயிரம் ஆண்டுக்கு முந்தைய கூலிக் கணக்கு! விடுமுறை கிடைத்தால் இத்தாலியில் டூரின் நகரம். அங்கே அருங்காட்சியகத்தில் கிடந்த பாப்பிரஸ் ஏடுகளைக் கையாலேயே படியெடுத்தார்.

1922-ல் அவர் முனைவர் பட்டம் பெற்றார். ஆராய்ச்சிப் பொருள் என்ன? அரச கல்லறைகளைக் குடைந்த தொழிலாளரின் வாழ்க்கை! அதே 1922-ன் நவம்பரில்தான் தூத்தன்காமன் கல்லறை கண்டுபிடிக்கப்பட்டது. உலகத்துப் பத்திரிகைகளெல்லாம் தங்கம், தங்கம் என்று அலறின. அந்தக் கல்லறைகளைக் குடைந்த கைகளைப் பற்றி எண்ணிக் கொண்டிருந்தார் ஒரு பாங்கிக் குமாஸ்தா.

1925-ல் பிரெஞ்சு அகழாய்வுக் குழுவோடு சேர்ந்து அவர் டெய்ர் எல் மெதினாவுக்குப் போனார். நைல் நதியின் மேற்குக் கரையில், இன்றைய லுக்சர் நகருக்கு எதிரே, வறண்ட மலை இடுக்கில் ஒரு சிற்றூர். மதிலுக்குள் ஏறக்குறைய 70 வீடுகள். கல்வெட்டுவோர், பூச்சுவேலை செய்வோர், ஓவியம் தீட்டுவோர் குடும்பத்தோடு வாழ்ந்த ஊர். புருயேர் என்ற பிரெஞ்சு அறிஞர் தோண்டினார். ஆயிரமாயிரமாய்ச் சில்லுகள் வந்தன. செர்னி படித்தார்.

என்ன படித்தார்? கூலியைப் படித்தார். அந்நாளில் அங்கே நாணயம் கிடையாது. தானியமே கூலி. சாதாரணத் தொழிலாளிக்கு மாதம் 4 மூட்டை கோதுமை, ஒன்றரை மூட்டை வாற்கோதுமை. மூட்டை என்றால் ஏறக்குறைய 76 லிட்டர் அளவு. மேஸ்திரிக்கு இரண்டு மூட்டை கூடுதல்.

வருகைப் பட்டியலும் உண்டு. இரண்டாம் ராம்செஸ் மன்னனின் 40-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு பெரிய கல்சில்லு லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. யார் எந்த நாள் வேலைக்கு வரவில்லை, ஏன் வரவில்லை என்ற பட்டியல் அது. ஒருவனுக்கு ஏதோ நோய். ஒருவனுக்குத் தேள் கொட்டிவிட்டது. இன்னொருவன் பீர் காய்ச்சப் போனான். வேறொருவன் இறந்த உறவினருக்குச் சடங்கு செய்யப் போனான். நம் ஆலைவாசலில் கேட்கிற பேச்சுப் போல இல்லையா, தோழர்களே? செல்வர் வீட்டில் பிறந்த ஆங்கில அறிஞர் ஆலன் கார்டினரும், பாங்கிக் குமாஸ்தாவாயிருந்த செர்னியும் சேர்ந்து 1957-ல் வெளியிட்ட பெருநூலில் இந்தச் சில்லும் இடம்பெற்றது.

ஒரு தாயின் உயிலும் உண்டு. அவள் பெயர் நவுநக்தே. எட்டுப் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். முதுமையில் தன்னைக் கவனிக்காத பிள்ளைகளுக்குத் தன் சொத்தில் பங்கில்லை என்று ஊர்ச் சபையார் முன்னால் அறிவித்தாள். சொத்து அவளுடையது. முடிவும் அவளுடையது! அந்த உயிலைச் செர்னி 1945-ல் வெளியிட்டார்.

இனி, முக்கியமான செய்திக்கு வருவோம். மூன்றாம் ராம்செஸின் 29-ஆம் ஆட்சியாண்டு. கி.மு. 12-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. கூலித் தானியம் வரவில்லை. அந்த மன்னன் எழுப்பிய மெதினெத் ஹாபு கோயில் சுவரில் தெய்வத்துக்கு நாள்தோறும் இத்தனை ரொட்டி, இத்தனை பீர் என்று பட்டியல் பொறித்திருக்கிறது. கோயிலுக்கு அருகே வாழ்ந்த கல்தச்சன் வீட்டிலோ அடுப்பு எரியவில்லை.

தொழிலாளர் கருவிகளைக் கீழே போட்டார்கள். காவற் சுவர்களைக் கடந்து வெளியே வந்தார்கள். ஒரு கோயிலின் பின்புறத்தில் போய் உட்கார்ந்தார்கள். அதிகாரிகள் வந்து அழைத்தார்கள், அசையவில்லை. அடுத்தடுத்த நாட்களில் வேறு கோயிலுக்குப் போனார்கள். பசியும் தாகமும் எங்களை இங்கே கொண்டுவந்தன. உடையில்லை, எண்ணெயில்லை, மீனில்லை, காய்கறியில்லை. மன்னருக்கு எழுதுங்கள், அமைச்சருக்கு எழுதுங்கள் என்றார்கள். பாக்கித் தானியம் வந்தது. மறுபடி நின்றது. மறுபடி வெளியே வந்தார்கள். பிறகு ஒரு முறை, பசி மட்டுமல்ல காரணம், மன்னரின் இந்த இடத்திலேயே அநீதி நடக்கிறது என்றும் துணிந்து சொன்னார்கள்.

உலகில் எழுத்திலே பதிவான வேலை நிறுத்தங்களில் இதுவே முதலாவது என்று கருதப்படுகிறது. அதைச் சொல்லும் ஏடு டூரினில் இருக்கிறது.

அந்த ஏட்டைச் செர்னி கண்டுபிடிக்கவில்லை. 19-ஆம் நூற்றாண்டிலேயே அது அச்சேறிவிட்டது. அப்படியானால் இவர் செய்தது என்ன? அந்த ஓர் ஏட்டை மட்டும் வைத்துக்கொண்டால், ‘ஏதோ சில பேர் கூச்சலிட்டார்கள்’ என்று ஒதுக்கிவிடலாம். ஆயிரம் சில்லுகளைப் படித்து அருகே வைத்தபோது, அவர்கள் யார், எத்தனை பேர், அவர்களுக்குச் சேரவேண்டியது எத்தனை மூட்டை என்பதெல்லாம் தெரிந்துவிட்டது. கூச்சல் என்று சொல்ல வழியில்லை. அது கோரிக்கை! அதற்குப் பின்னால் கணக்கு இருந்தது.

செர்னியின் வாழ்வும் அமைதியாகப் போகவில்லை. 1939-ல் ஹிட்லரின் படை பிராக் நகரில் புகுந்தது. போர்க்காலத்தில் கெய்ரோவிலும் லண்டனிலும் தம் நாட்டின் வெளிநாட்டு அரசுக்குப் பணியாற்றினார். 1946-ல் லண்டனில் பேராசிரியரானார். 1951 முதல் 1965 வரை ஆக்ஸ்போர்டில் அதே பதவி. பாங்கி மேஜையிலிருந்து ஆக்ஸ்போர்டு வரை! ஆனாலும் கை ஓயவில்லை. தீப்ஸ் மலைகளில் ஏறி, பாறையில் பழைய தொழிலாளர் கிறுக்கிய பெயர்களையும் படியெடுத்தார். 1970-ல் மறைந்தார். அந்தத் தொழிலாளர் சமுதாயத்தைப் பற்றி அவர் எழுதிவந்த பெருநூல், அவர் மறைந்த பிறகு 1973-ல்தான் வெளிவந்தது. அவர் எழுதி நிரப்பிய குறிப்பேடுகள் ஆக்ஸ்போர்டில் காக்கப்படுகின்றன.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அந்தக் கல்தச்சர்கள் ‘பசிக்கிறது’ என்று மட்டும் சொல்லவில்லை. மாதத்தில் 18 நாள் கடந்துவிட்டது என்று கணக்கும் சொன்னார்கள். பசி என்றால் இரக்கப்படுவான். அல்லது முகத்தைத் திருப்பிக்கொள்வான். கணக்கு என்றால் பதில் சொல்லியாக வேண்டும். கூலிச் சீட்டைக் கசக்கி எறிகிற தோழர் இதை எண்ணிப் பார்க்கட்டும். சங்கத்தின் தீர்மானப் புத்தகத்தை எழுதாமல் விடுகிற செயலாளர் எண்ணிப் பார்க்கட்டும்.

ராம்செஸின் தானியக் களஞ்சியம் மண்ணாய்ப் போயிற்று. அவன் கொடுக்கத் தவறிய மூட்டைகளின் கணக்கு மட்டும் தீராமல் நிற்கிறது.