தானியங்கி கியரும் ஒரு ரப்பர் சவ்வும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

இடக்காலால் கிளட்சை மிதித்து, கையால் கியரை மாற்றி ஓட்டும் கார்களே நம் நாட்டுச் சாலைகளில் நெடுங்காலம் ஓடின. 1961 முதல் ஹெரால்டு கார்களைத் தயாரித்த ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தின் தொழிற்சாலை எங்கள் முடிச்சூருக்கு அருகில், பெருங்களத்தூரில் இருந்தது. அந்த ஹெரால்டும் கைக் கியர் வண்டிதான். ஆனால் அமெரிக்காவிலோ 1940ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபில் கார்களிலேயே தானாகக் கியர் மாற்றும் 'ஹைட்ராமேட்டிக்' அமைப்பு வந்துவிட்டது.

தானியங்கிக் கியர் கொண்ட 1960களின் அமெரிக்கக் கார் ஒன்று சென்ற ஆண்டு முடிச்சூரில் என் தந்தை நடத்தும் சிறு பட்டறைக்கு வந்தது. அதற்கு நேர்ந்த பழுதையும், அது நீக்கப்பட்ட முறையையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கியர் மாறுவது எப்படி?

ஒரு மேசை விசிறியை ஓடவிட்டு, அதன் எதிரே மின் இணைப்பில்லாத இன்னொரு விசிறியை வையுங்கள். முதல் விசிறியின் காற்றுப் பட்டு இரண்டாவதும் சுழலும். காற்றுக்குப் பதிலாக எண்ணெயை வைத்து இதே வேலையைச் செய்வதுதான் 'டார்க் கன்வர்ட்டர்'. ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1905ஆம் ஆண்டில் கப்பல்களுக்காகக் காப்புரிமை பெற்ற கருத்து இது. இதனால் கிளட்ச் மிதி தேவையற்றுப் போகிறது.

கியர் எப்போது மாற வேண்டும் என்பதை முடிவு செய்ய இரண்டு செய்திகள் வேண்டும். ஒன்று, வண்டியின் வேகம்; அதைக் 'கவர்னர்' என்னும் உறுப்பு தெரிவிக்கும். மற்றொன்று, இன்ஜின் மீதுள்ள சுமை. அக்காலக் கார்கள் பலவற்றில் அதைத் தெரிவிப்பது 'வேக்குவம் மாடுலேட்டர்' என்னும் சிறு தகர டப்பி. அதனுள்ளே ஒரு ரப்பர் சவ்வும் ஒரு ஸ்பிரிங்கும் உள்ளன. இன்ஜின் காற்றை உறிஞ்சும் குழாயிலிருந்து ஒரு சிறு ரப்பர் குழல் வந்து இந்த டப்பியோடு சேர்கிறது.

வளிமண்டல அழுத்தம் 760 மி.மீ. பாதரசம் என்று நாம் வகுப்பில் படிக்கிறோம். நல்ல நிலையிலுள்ள இன்ஜின் மெதுவாக ஓடும்போது, அதன் உறிஞ்சு குழாயில் அழுத்தம் இதைவிடச் சுமார் 450 முதல் 500 மி.மீ. வரை குறைந்திருக்கும். அந்த வெற்றிடம் சவ்வை இழுத்துப் பிடிக்கும். கியர் சீக்கிரமாகவும் மென்மையாகவும் மாறும். மேடு ஏற ஆக்ஸிலேட்டரை முழுதும் மிதித்தால் வெற்றிடம் ஏறக்குறைய மறைந்துவிடும். அப்போது ஸ்பிரிங் சவ்வைத் தள்ளும். எண்ணெய் அழுத்தம் உயரும். கியர் தாமதமாகவும் இறுக்கமாகவும் மாறும்.

பழுது யாது?

வந்த காரில் மூன்று குறைகள் இருந்தன. புகைக்குழாயில் அடர்ந்த வெண்புகை. கியர் மாறும்போது ஒரு குலுக்கல். கியர் ஆயில் அடிக்கடி குறைதல். இன்ஜினைப் பிரித்துப் பிஸ்டன் ரிங் மாற்ற வேண்டும் என்றார் ஒருவர். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை நாடறியும். அந்த வெள்ள நீர் கியர் பெட்டிக்குள் புகுந்திருக்கும் என்றார் மற்றொருவர். செலவுக் கணக்கைக் கேட்ட உரிமையாளர், தம் தகப்பனார் ஓட்டிய காரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா என்று எண்ணும் நிலைக்கு வந்துவிட்டார்.

என் தந்தை எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். அவர் முதலில் ஆயில் குச்சியை உருவிப் பார்த்தார். தண்ணீர் கலந்த கியர் ஆயில் வெளிறிப் பால் போலாகும். இதுவோ தெளிந்த சிவப்பாக இருந்தது. எனவே வெள்ள நீர் காரணமன்று. பிறகு காரின் அடியில் தரையைப் பார்த்தார். ஒரு சொட்டும் இல்லை.

"ஆயில் குறையுது, ஆனா கீழே சிந்தல. அப்போ உள்ளேயே எங்கேயோ எரியுது சார். இன்ஜினைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி அது போற வழியைப் பார்ப்போம்" என்றார்.

ஆங்கிலக் கையேட்டை நான் வரி வரியாகப் படித்துத் தமிழில் சொன்னேன். மாடுலேட்டரின் ரப்பர் குழலைப் பற்றிச் சொன்னதும் அவர் அதைக் கழற்றினார். காற்று மட்டுமே இருக்க வேண்டிய குழலிலிருந்து சிவப்பு ஆயில் வடிந்தது. சவ்வு கிழிந்திருந்தது. கிழிசல் வழியே இன்ஜின் கியர் ஆயிலை உறிஞ்சி எரித்தது, அதுவே வெண்புகை. வெற்றிடம் சவ்வை இழுக்க முடியாததால், ஆக்ஸிலேட்டர் எப்போதும் முழுதாக மிதிக்கப்பட்டிருப்பது போலக் கியர் பெட்டி நடந்துகொண்டது, அதுவே குலுக்கல்.

மாற்றும் முறை

புதிய மாடுலேட்டர் வெளிநாட்டிலிருந்து தபாலில் வந்தது. இன்ஜின் ஆறியபின் காரை உயர்த்தி, உறுதியான தாங்கிகள் மீது நிறுத்தினோம். ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் நுழைவது உயிருக்கு ஆபத்து. கீழே ஒரு தட்டு வைத்து, மெல்லிய ஸ்பேனரால் பழைய டப்பியைத் திருகிக் கழற்றினோம். அதன் பின்னாலுள்ள சிறு வால்வைத் துடைத்து, தடையின்றி நகர்கிறதா என்று பார்த்து, இருந்தபடியே வைத்தோம். புதிய வாஷருடன் புதிய டப்பியை முதலில் கையால் திருகி, பின்னரே ஸ்பேனரால் இறுக்கினோம். குழலையும் புதிதாக மாற்றினோம். குறைந்த அளவுக்குத் தானியங்கிக் கியருக்குரிய ஆயிலையே ஊற்றினோம். இன்ஜின் ஆயில் இதற்கு உதவாது. புகைக்குழாயில் தேங்கியிருந்த ஆயில் எரிந்து தீரும்வரை சிறிது நேரம் புகை வந்தது, பிறகு நின்றது. அன்று மாலை உரிமையாளரே காரை ஓட்டிச் சென்றார்.

இன்றைய தானியங்கிக் கார்களில் இவ்வேலையை மின்னணுக் கருவிகள் செய்கின்றன. ஆயினும் இன்ஜினின் சுமையை அறிந்து கியரை மாற்ற வேண்டும் என்ற தேவை மாறவில்லை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். பொருள் அழிவதில்லை என்ற விதியை நான் புத்தகத்தில் படித்தேன். என் தந்தை அதன் பெயரை அறியாமலே அதைக் கொண்டு பழுதைக் கண்டார். அவருக்கு எட்டாத கையேட்டை என் படிப்பு எட்டியது. மாணவ நண்பர்களே, நம் வீட்டாரின் தொழிலில் நம் பாடங்கள் ஒளிந்திருக்கின்றன. விடுமுறை நாட்களில் அவர்களோடு உட்கார்ந்து, அவற்றைத் தேடிப் பாருங்கள்.