எத்தனை வாட், டீச்சர்?

சென்ற ஆண்டு மாவட்ட அளவிலான அறிவியல் கண்காட்சிக்குப் பத்தாம் வகுப்பு மாணவிகள் இருவரை அழைத்துச் சென்றேன். ஊர்க் குளத்தின் நீர்மட்டத்தை ஆறு மாதம் அளந்து, அந்த அளவுகளை வரைபடங்களாக்கி மடிக்கணினியில் தொகுத்திருந்தார்கள். முதல் நாள் இரவு ஊரில் மின்தடை. விடியற்காலைப் பேருந்தில் ஏறும்போது கணினியில் 22 சதவீதச் சார்ஜ்தான் இருந்தது.

இருக்கை அருகே யூஎஸ்பி துளை இருந்ததால் நான் கவலைப்படவில்லை. கைப்பேசிக் கேபிளை எடுத்துக் கணினியில் செருகினேன். இரண்டு மணி நேரப் பயணம் முழுவதும் மாணவிகள் திரையைப் பார்த்துப் பேசிப் பழகினார்கள். இறங்கும்போது பார்த்தால் 19 சதவீதம்!

"இவ்வளவு நேரம் செருகியிருந்தும் எப்படிக் குறைந்தது?" என்றேன். ஒரு மாணவி கேட்டாள்: "அது போனுக்குச் சார்ஜ் போடுறதுதானே டீச்சர், எத்தனை வாட் வரும்?"

மின்திறன் என்பது மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கினால் கிடைப்பது என்று அவளுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டியவளே நான்தான்.

கணக்கு இதுதான். பேருந்துகளில் உள்ள சாதாரண யூஎஸ்பி துளை 5 வோல்ட்டில் ஏறத்தாழ 2 ஆம்பியர் தரும். அதாவது 10 வாட். திரையை ஒளிரவிட்டு வேலை செய்யும் மடிக்கணினிக்கு, இயங்குவதற்கே 10 முதல் 15 வாட் வேண்டும். வந்தது முழுவதும் அப்போதே செலவாகி, பேட்டரியிலிருந்தும் கொஞ்சம் போய்விட்டது. கணினியுடன் தரப்பட்ட சார்ஜரோ 20 வோல்ட், 3.25 ஆம்பியர், பெருக்கினால் 65 வாட். அது என் பையில்தான் இருந்தது. பேருந்தில் அதைச் செருக இடமில்லை.

கண்காட்சி அரங்கில் எங்கள் மேசைக்கு மின்இணைப்பு கிடையாது. நடுவர்கள் வர முக்கால் மணி நேரம் இருந்தது. அந்தப் பள்ளியின் ஆசிரியர் அறையில் அனுமதி கேட்டு, கணினியை முழுவதுமாக அணைத்துவிட்டு, சொந்தச் சார்ஜரில் போட்டோம். 45 நிமிடத்தில் 60 சதவீதத்தைத் தாண்டியது. மாணவிகள் மதியம் வரை தடையில்லாமல் விளக்கினார்கள்.

அந்த முக்கால் மணி நேரத்தில் இவ்வளவு ஏறியதற்கு மூன்று காரணங்கள் உண்டு. பயிற்சிக்கும் கூட்டங்களுக்கும் கணினியுடன் செல்லும் நமக்கு இவை பயன்படும்.

முதலாவது, சார்ஜரின் வாட். கணினிக்கு உரிய சார்ஜரையே எடுத்துச் செல்லுங்கள். டைப்-சி வகைக் கணினியானால், அதே வாட் கொண்ட வேறு டைப்-சி சார்ஜரும் போதும். அதிக வாட் சார்ஜரைப் போட்டாலும், தனக்குத் தேவையானதை மட்டுமே கணினி எடுத்துக்கொள்ளும். கேபிளும் முக்கியம். சாதாரண டைப்-சி கேபிள்கள் 3 ஆம்பியர், அதாவது 60 வாட் வரைதான் கடத்தும். உருண்டை முனைச் சார்ஜரானால் முனையின் அளவும் வோல்ட்டும் அப்படியே பொருந்த வேண்டும். ஆம்பியர் குறையக் கூடாது.

இரண்டாவது, கணினியை அணைத்தது. அணைத்திருந்தால் வரும் மின்சாரம் பேட்டரிக்கே போகும். வேலை இருந்தே தீரும் என்றால் திரை ஒளியையாவது குறையுங்கள்.

மூன்றாவது, பேட்டரியின் இயல்பு. குடம் நிறையப்போகும் நேரத்தில் குழாயைத் திருகித் தண்ணீரைக் குறைக்கிறோம் அல்லவா? லித்தியம் அயனி பேட்டரிக்கும் அப்படித்தான். ஏறத்தாழ 80 சதவீதம் வரை வேகமாக ஏறும். அதன்பின் மின்னோட்டம் படிப்படியாகக் குறைக்கப்படும். ஆகவே அவசரத்தில் நூறுக்காகக் காத்திருக்க வேண்டாம். இடையில் கிடைக்கும் ஒவ்வோர் அரை மணியும் பயன்தரும்.

ரயிலில் செல்வோர் கவனிக்க: பல பெட்டிகளில் மின்துளையில் வருவது 110 வோல்ட். சார்ஜரில் '100–240 வோல்ட்' என்று அச்சிட்டிருந்தால் தயங்காமல் செருகலாம். இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை பல ரயில்களில் இந்த இணைப்பை நிறுத்திவிடுவார்கள்; படுக்கும் முன்பே சார்ஜ் போட்டுவிடுங்கள்.

பவர் பேங்க் வாங்குவோர் மில்லி ஆம்பியர் மணியை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். 20,000 மில்லி ஆம்பியர் மணியை 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 74 வாட் மணி. மடிக்கணினிப் பேட்டரிகள் பெரும்பாலும் 40 முதல் 60 வாட் மணி. மாற்றத்தில் கொஞ்சம் வீணானாலும் கிட்டத்தட்ட ஒருமுறை நிரப்பலாம். ஆனால் அதன் வெளியீடு 45 அல்லது 65 வாட் என்று இருந்தால்தான் கணினிக்கு உதவும்.

ஓர் எச்சரிக்கை. சார்ஜ் ஏறும் கணினியைப் பைக்குள்ளோ போர்வைக்கு அடியிலோ வைக்காதீர்கள். சூடு வெளியேற வழியின்றிப் பேட்டரியின் ஆயுள் குறையும், ஆபத்தும் நேரலாம்.

திரும்பி வந்ததும் இதை வகுப்பில் ஒரு செயல்பாடாகச் செய்தேன். வீட்டிலுள்ள சார்ஜர்களை மின்துளையிலிருந்து எடுத்து, அவற்றில் அச்சிட்டுள்ள வெளியீட்டு வோல்ட்டையும் ஆம்பியரையும் குறித்துவந்து பெருக்கச் சொன்னேன். மறுநாள் கரும்பலகை நிறைந்துவிட்டது. பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருக்கும் சார்ஜர்களுக்குள் இத்தனை வேறுபாடா என்று குழந்தைகளுக்கு வியப்பு. பாடநூலில் இருந்த வாய்ப்பாடு அன்று அவர்கள் வீட்டுச் சுவர் வரை போனது. எனக்கு அது பேருந்திலேயே வந்து சேர்ந்திருக்க வேண்டியது. ஒரு மாணவி கேட்டுத்தான் வந்தது.