கண்டவரெல்லாம் மாறினரா?

கடவுள் ஒருநாள் நேரில் வந்து நின்றால் பக்தன் என்ன செய்வான்? வந்தவர் அவன் நாள்தோறும் கும்பிடுகிற கடவுளாக இருந்தால் கேள்விக்கே இடமில்லை. கை கூப்புவான், கண்ணீர் வடிப்பான், ஊரைக் கூட்டிச் சொல்வான். வந்தவர் அடுத்த தெருக் கடவுளாக இருந்துவிட்டால்? மயிலைக் கபாலி கோயில் குளக்கரையில் திருநீறு பூசி நிற்கிற அன்பருக்கு ஏசுநாதர் காட்சி தருகிறார் என்று வைத்துக் கொள்வோம். சாந்தோம் பேராலயத்தில் முழந்தாளிட்டிருக்கும் அம்மையாருக்குக் கற்பகாம்பாள் தோன்றுகிறாள் என்றும் வைத்துக் கொள்வோம். மறுநாள் காலை இருவரும் இடம் மாறிக் கொள்வார்களா?

கேலிக்காகக் கேட்கவில்லை நாம். மதம் மாறுகிறவனைப் பார்த்து, "உண்மையான உள்ளத்தோடுதான் மாறினாயா?" என்று சட்டம் கேட்கிறது, நீதிமன்றம் கேட்கிறது, சாதிச் சான்றிதழ் எழுதித் தருகிற அதிகாரியும் கேட்கிறார். அகத்திலே நடந்ததற்குப் புறத்திலே சாட்சி கேட்கிறார்கள். அப்படியானால், மாறினவர்கள் எதனால் மாறினார்கள், காட்சி கண்டும் மாறாதவர்கள் ஏன் மாறவில்லை என்று பார்த்தாக வேண்டுமல்லவா? அதற்குக் காசிக்கும் உரோமுக்கும் போக வேண்டியதில்லை. மயிலையில் புறப்பட்டு அடையாற்றுப் பாலம் தாண்டினால் போதும்.

சாந்தோமில் தொடங்குவோம். கி.பி. 72இல் இந்தப் பகுதியிலே கொல்லப்பட்டார் என்று கிறிஸ்தவ மரபு கூறுகிற தோமா, பன்னிரு சீடரில் சந்தேகக்காரர். ஆசான் உயிர்த்தெழுந்தார் என்று மற்றவர்கள் வந்து சொன்னபோது, காயத்திலே கை வைத்துப் பார்த்தாலன்றி ஏற்கமாட்டேன் என்றவர். பகுத்தறிவாளர் கூட்டத்திலே முன்வரிசையில் உட்கார வேண்டியவர் என்று நமக்குத் தோன்றுவதுண்டு! ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் முன்பே சீடர். கூடவே நடந்தவர், உண்டவர். கண்ட காட்சி அவரை வேறிடத்துக்கு இட்டுச் செல்லவில்லை. இருந்த இடத்திலேயே இறுக்கிக் கட்டியது.

சாந்தோமிலிருந்து சிறிது தொலைவு நடந்தால் இராமகிருஷ்ண மடம். அனைத்துச் சமயத்தாருக்கும் உரியது என்று அறிவித்து 2000ஆம் ஆண்டில் அங்கே திறந்த புதிய கோயிலை நகரத்தார் அறிவர். யார் பெயரால் அது நிற்கிறதோ, அந்த இராமகிருஷ்ணரின் வரலாறு நம் கேள்விக்கு நேரான விடை தருகிறது. 1866இல் அவர் கோவிந்தராய் என்பவரிடம் இசுலாமிய நெறியைக் கேட்டு, அல்லாவின் பெயரைச் சொல்லி, முசுலிம்களைப் போல் உடுத்து, காளி கோயில் பக்கமே போகாமல் மூன்று நாள் இருந்தார். தாடியுடன் ஒளி வீசும் ஒரு பெரியவரைக் கண்டார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1874இல், தட்சிணேசுவரத்தை அடுத்த தோட்ட வீடொன்றில் மாட்டியிருந்த மேரியன்னையும் குழந்தையுமான படத்தைப் பார்த்து உள்ளம் பறிகொடுத்தார். மூன்றாம் நாள் ஏசுநாதரே எதிரில் நடந்துவந்து தம்மைத் தழுவித் தம்முள் கலந்ததாகக் கூறினார்.

பிறகு என்ன ஆயிற்று? தொழுகைக்குப் போனாரா? ஞானஸ்நானம் பெற்றாரா? இல்லை. காளியிடம் திரும்பினார். கண்டது பொய்யென்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. மெய்யென்றே சொன்னார், அதனாலேயே, மாற வேண்டிய தேவை என்ன என்றும் கேட்டார். எல்லா வழியும் ஓரிடம் சேரும் என்கிற சித்தாந்தம் முன்னமே உள்ளே இருந்தது. வந்த விருந்தாளியை, அவர் எவ்வளவு பெரியவரானாலும், அந்த வீட்டுக் கூடத்திலேயே உட்கார வைத்துவிட்டது அது. இங்கே சிந்திக்க வேண்டியது, காட்சி பேசவில்லை என்பதுதான். அதற்குப் பொருள் சொன்னது கண்டவருடைய கொள்கை.

"அப்படியானால் சாது சுந்தர் சிங்?" என்று கிறிஸ்தவத் தோழர்கள் எழுந்து நிற்பார்கள். நிற்கட்டும், வலுவான சாட்சியைத்தான் கூப்பிடுகிறார்கள். பஞ்சாபிலே சீக்கியக் குடும்பத்தில் பிறந்த பிள்ளை. தாயை இழந்த துயரத்திலும் ஆத்திரத்திலும் பைபிளை எரித்தவர். 1904 டிசம்பரில் ஒரு விடியற்காலை, கடவுள் இருந்தால் காட்டட்டும், இல்லையேல் இரயில் தண்டவாளத்தில் தலை வைப்பேன் என்று வேண்டினார். ஏசுவை எதிர்பார்க்கவில்லை, எங்கள் முன்னோர் வணங்கிய தெய்வம் ஒன்றைத்தான் எதிர்பார்த்தேன் என்று பிற்காலத்தில் அவரே கூறியிருக்கிறார். வந்தவரோ ஏசு! 1905இல் சிம்லாவில் ஞானஸ்நானம். வீட்டார் விலக்கினர், காவியுடுத்தி நாடெங்கும் நடந்தார்.

இதை மறுக்க நாம் முனையவில்லை. அந்தப் பையனின் அறையில் நாமிருந்ததில்லை. ஆனால், அவர் படித்தது மிஷன் பள்ளி என்பதை மறந்துவிடக் கூடாது. பகைத்தாலும், ஏசுவின் பெயர் அன்றாடம் காதில் விழுந்த பெயர். ஒரு நூலைத் தீயிலே போடுமளவு வெறுப்பவன் அந்த நூலை அலட்சியம் செய்கிறவனல்லன். உள்ளுக்குள்ளே அதனோடு மல்லுக்கட்டிக் கொண்டிருக்கிறவன். கேள்விப்படாத தெய்வத்தைக் கண்டவர் எவரையும் நாம் வரலாற்றிலே காணவில்லை. ஆப்பிரிக்கக் காட்டிலே வழங்கும் ஒரு தெய்வத்தின் பெயரும் உருவமும் மாம்பலத்துக்காரர் கனவிலே வந்ததாக எவரும் சொல்லக் கேட்டதில்லை.

மயிலைக்கே திரும்புவோம். மதம் மாற்றத்துக்கு இந்த ஊர் புதியதல்ல. ஒரு காலத்தில் இங்கே சமணக் கோயில் இருந்தது, நேமிநாதர் எழுந்தருளியிருந்தார். அவர் பெயராலேயே 'நேமிநாதம்' என்ற இலக்கண நூல் வழங்குகிறது. அவரைப் பாடிய 'திருநூற்றந்தாதி'யின் ஆசிரியர் அவிரோதியாழ்வார், வைணவராயிருந்து சமணம் புகுந்தவர் என்பது மரபுவழிச் செய்தி. ஆழ்வார் என்ற பெயரோடு அருகனைப் பாடியிருக்கிறார், பாருங்கள்! பிற்காலத்தில், 1858இல், இதே மயிலையின் தூய தோமா தேவாலயத்தில் ஞானஸ்நானம் பெற்றார் நெல்லைச் சீமையின் வைணவப் புலவர் கிருஷ்ணபிள்ளை. காட்சி கண்டா மாறினார்? சாயர்புரம் மிஷன் பள்ளியில் தமிழாசிரியர் வேலை. கையில் கிறிஸ்தவ நூல்கள். நெருங்கியவர்களில் சிலர் அவருக்கு முன்னமே மாறியிருந்தனர். ஆண்டுக்கணக்கில் உள்ளே நடந்த வழக்குக்கு மயிலையில் தீர்ப்பு எழுதினார். 1894இல் 'இரட்சணிய யாத்திரிகம்' வெளிவந்தபோது, தமிழுலகம் அவரைக் கிறிஸ்தவக் கம்பர் என்றது. மதம் மாறிற்று, கம்பன் மாறவில்லை.

காட்சியைவிட வேகமாக வேலை செய்தது வயிற்றுவலி என்றும் சொல்லலாம். சமணத் துறவி தருமசேனராயிருந்த மருணீக்கியார், சூலை நோய் தாங்காமல் தமக்கை திலகவதியாரிடம் திருவதிகைக்கு வந்து, நோய் நீங்கி, நாவுக்கரசரானார் என்கிறது பெரிய புராணம். சிவனே சூலை கொடுத்து ஆட்கொண்டார் என்பது சேக்கிழார் கூற்று. இங்கே நமக்கொரு நினைவு வருகிறது. 2002இல் தமிழ்நாட்டில் அ.தி.மு.க. ஆட்சி கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டுவந்ததே, அதிலே "கட்டாயம்" என்பதற்குத் தந்த விளக்கத்தில் தெய்வக் கோபத்தைக் காட்டி மிரட்டுவதும் ஒன்று! ஏழாம் நூற்றாண்டிலே அந்தச் சட்டம் இருந்திருந்தால், சூலை கொடுத்த சிவபெருமான் முதல் குற்றவாளி, திருநீறு கொடுத்த திலகவதியார் இரண்டாம் குற்றவாளி. மதம் மாறிய செய்தியை மாவட்ட ஆட்சித் தலைவருக்குத் தெரிவிக்காத குற்றமும் சேர்ந்திருக்கும். நல்லவேளை, 2004 நாடாளுமன்றத் தேர்தலில் மக்கள் கொடுத்த அடிக்குப் பிறகு, கொண்டுவந்தவர்களே அதை விலக்கிக் கொண்டார்கள்.

பாலம் தாண்டினால் அடையாறு. பிரம்மஞான சபைத் தோட்டத்திலே கோயிலும் உண்டு, பள்ளிவாசலும் உண்டு, தேவாலயமும் உண்டு, புத்தர் கோயிலும் உண்டு. 1882இல் அந்த இடத்தை வாங்கிய அமெரிக்கர் கர்னல் ஆல்காட், நியூயார்க்கில் தம் அறையிலே ஒரு கீழ்நாட்டு மகாத்மா தோன்றிப் பேசி, அடையாளமாகத் தலைப்பாகையை விட்டுச் சென்றார் என்று எழுதியவர். தலைப்பாகையைக் கொடுத்த காட்சி வேறெங்கும் உண்டா, தெரியவில்லை! அந்தக் காட்சி அவரைக் கப்பலேற்றியது. ஆனால் 1880இல் இலங்கையின் காலி நகரில் அவர் பஞ்சசீலம் ஏற்றுப் பௌத்தரானது, நெடுநாள் படித்துத் தெளிந்த கொள்கையால். அவருக்குப் பின் தலைமையேற்ற அன்னிபெசன்ட் அம்மையார், நாத்திக மேடைகளில் முழங்கியவர். 1889இல் மதிப்புரைக்கென வந்த ஒரு புத்தகத்தைப் படித்து மாறினார். 1909இல் அடையாற்றுக் கடற்கரையில் கண்டெடுக்கப்பட்டு, உலக குருவாக வளர்க்கப்பட்ட ஜே. கிருஷ்ணமூர்த்திக்கோ 1922இல் ஓஹாயில் பெரும் அனுபவம் ஏற்பட்டது. ஏழு ஆண்டு கழித்து, தமக்காக அமைத்த நட்சத்திர சங்கத்தையே கலைத்துவிட்டு, எந்த மதத்திலும் சேராமல் வெளியேறினார். பின்னாளில் சென்னையில் அவர் தங்கிப் பேசிய வசந்த விஹார் இருக்கும் இராஜா அண்ணாமலைபுரத்தில்தான் 'இயேசு அழைக்கிறார்' நிறுவனமும் இருக்கிறது. அதை நிறுவிய டி.ஜி.எஸ். தினகரன், ஏசுநாதர் தமக்குக் காட்சி தந்ததைப் பல மேடைகளில் சொன்னவர். அவர் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர்.

ஆக, காட்சி கண்டும் மாறாதவர் உண்டு, காணாமலே மாறியவர் உண்டு, கண்டபின் எல்லாவற்றையும் விட்டவரும் உண்டு. காட்சி ஒன்றே தனியாக நின்று ஒருவரைப் பெயர்த்தெடுத்ததற்குச் சான்று மிகக் குறைவு என்பதே நம் கருத்து. முன்பே ஆடிக்கொண்டிருந்த மரத்தைத்தான் அது சாய்த்திருக்கிறது.

கூட்டமாக மாறினவர்களோ எந்தக் காட்சியும் காணவில்லை. அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் ஆல்காட்டின் துணையோடு கொழும்பு சென்று பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பி, இராயப்பேட்டையிலே சாக்கிய பௌத்த சங்கம் கண்டார். அவர் தேடியது சாதியில்லாத ஒரு வரலாறு. 1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் அம்பேத்கரோடு இலட்சக்கணக்கானோர் பௌத்தரானார்கள். 1981இல் மீனாட்சிபுரத்தில் நூற்றுக்கணக்கான ஒடுக்கப்பட்டோர் இசுலாத்தைத் தழுவினார்கள். நாடே அதிர்ந்து, பணம் வந்ததா, வெளிநாட்டுச் சதியா என்று துருவியது. தேநீர்க் கடையிலே தனிக் குவளை இருந்ததா என்று அதே அக்கறையோடு துருவியவர் எத்தனை பேர்? சுயமரியாதைக்காக மாறினேன் என்பவனைச் சந்தேகிக்கிறவர்கள், சொப்பனத்தில் கண்டு மாறினேன் என்பவனை நம்பிவிடுகிறார்கள். இது என்ன நியாயம்?

பிறரைத் தன் மதத்துக்கு மாற்றுவது அடிப்படை உரிமையல்ல என்று 1977இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண், குழந்தைப் பருவத்தில் ஞானஸ்நானம் பெற்றவர், தாம் இந்து என்று சொல்லித் தாழ்த்தப்பட்டோர் சான்றிதழ் கேட்ட வழக்கில், 2024 நவம்பரில் அதே நீதிமன்றம் மறுத்தது. ஒரு மதத்தின் கொள்கையால் உண்மையிலே ஈர்க்கப்பட்டு மாற வேண்டும், நம்பிக்கையில்லாமல் சலுகைக்காக மட்டும் மாறுவது அரசியல் சட்டத்தையே ஏமாற்றுவது என்றது. ஈர்ப்பை எந்தத் தராசிலே நிறுப்பது? மாதாவையும் கும்பிட்டு மாரியம்மனையும் கும்பிடுகிற வீடுகள் மயிலைக் குப்பங்களிலே இல்லையா? அவர்கள் உள்ளத்தை எந்தப் படிவத்திலே நிரப்புவது? பிறப்பால் வந்த மதத்தை நம்புகிறாயா என்று எவரும் எவரையும் கேட்பதில்லை. மாறியவனைத்தான் கேட்கிறார்கள். அவன் தியாகராய நகரிலே வாடகைக்கு வீடு தேடும்போதும் கேட்கிறார்கள்.

இதிலே பணக்காரனுக்கு நட்டமில்லை. மேல்சாதிக்காரர் காட்சி கண்டு மாறினால் சொத்தும் போகாது, படிப்பும் போகாது. சேரியிலே பிறந்தவர் மாறினால், 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி தாழ்த்தப்பட்டோர் என்ற உரிமை போய்விடுகிறது. தீண்டாமையோ கல்லறைத் தோட்டம் வரை கூடவே வருகிறது. அவர்களுக்கும் அந்த உரிமை வேண்டுமென்று 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றி ஒன்றிய அரசைக் கேட்டது. அந்த ஆணை சீக்கியருக்காக 1956இல் ஒருமுறை திருத்தப்பட்டது. பௌத்தருக்காக 1990இல் மறுமுறை திருத்தப்பட்டது. அயோத்திதாசர் கொழும்பிலிருந்து திரும்பி அப்போது 92 ஆண்டுகள் ஆகியிருந்தன.