அலையேறும் கயாக்

ஏலச்செடிக்கு நிழல் தரும் மரங்களினூடே மேகம் தவழும் சக்குபள்ளத்து மேடுகளில் வாழ்கிறவர்களுக்குச் சமுத்திரம் பல மணி நேரப் பிரயாணத்துக்கு அப்பாலுள்ள விஷயமாயினும், மிதவைகள் முற்றிலும் அந்நியமானவை அல்ல. 1895ஆம் ஆண்டில் முல்லைப் பெரியாற்று அணை எழுந்ததிலிருந்து தேங்கி நிற்கும் தேக்கடி ஏரியும், இன்று அதில் பிரயாணிகளை ஏற்றிச் செல்லும் மூங்கில் தெப்பங்களும் பக்கத்திலேயே இருக்கின்றன. ஆனால் அங்கே துடுப்பை நிறுத்தினால் தெப்பமும் நின்றுவிடும். அலையேறும் கயாக்கோ, துடுப்பு வலிப்பதை நிறுத்திய பிறகுதான் தன் முழு வேகத்தையும் அடைகிறது.

வட துருவத்தை அடுத்த நாடுகளில் இன்யூட் மக்கள் மரச் சட்டத்தின் மீது கடல்நாயின் தோலை இழுத்துத் தைத்து, வேட்டைக்காகச் செய்துகொண்ட ஒடுங்கிய படகே கயாக்கின் ஆதி ரூபம். அது நெடுந்தூரம் நேராகச் செல்வதற்கென்றே பிறந்தது. அதன் வம்சத்தில் வந்த அலைக் கயாக்கிலோ அந்த லட்சணங்கள் பலவும் தலைகீழாகி, போட்டிப் படகுகளில் ஒரு வகை 3 மீட்டருக்கும் குறைந்த நீளமும், தட்டையான அடிப்பாகமும், கூரிய ஓரங்களும், அடியிலே சிறு தகட்டுச் செதில்களும் கொண்டதாக அமைந்துவிட்டது.

இந்த மாறுதலின் காரணத்தை அறிய, அலையின் சுபாவத்தைச் சிறிது ஆராய வேண்டும். ஆழ்கடலில் அலை ஓடுவதுபோல் தோன்றினும், நீர் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே வட்டமிடுகிறது. முன்னேறுவது அதன் வடிவமும் சக்தியுமே. கரையை நெருங்கி ஆழம் குறையக் குறைய அலையின் வேகமும் குறைந்து, அதன் முகம் செங்குத்தாக நிமிர்ந்து, ஆழம் அலையுயரத்தைப் போல் சுமார் ஒன்றேகால் மடங்காகச் சுருங்கும் இடத்தில் உச்சி முன்னோக்கிச் சரிந்து உடைகிறது. ஒரு மீட்டர் உயரமுள்ள அலை, உடையும் தறுவாயில் மணிக்குச் சுமார் 13 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். இவ்வளவு குட்டையான படகுக்குத் துடுப்பினால் மட்டும் அந்த வேகத்தைக் கொடுப்பது அரிது. ஆகையால் ஓட்டுபவன் சில பலமான வலிப்புகளால் அலையின் முகத்தை எட்டிப் பிடித்து, அப்புறம் புவியீர்ப்பு தன்னை அச்சரிவிலே இறக்கும்படி விட்டுவிடுகிறான். நீரைப் பிளந்து சென்ற படகு நீரின்மேல் வழுக்கத் தொடங்குவதும், தட்டையான அடிப்பாகத்தின் பிரயோஜனம் விளங்குவதும் இந்தக் கணத்தில்தான்.

புதுப் படகின் குணம் முதலில் வெளிப்படுவது ஆசனத்தில். உடலின் பாரம் சற்று முன்னே சென்றால், இறங்கும்போது அணியம், அதாவது படகின் முன்முனை, பள்ளத்து நீரில் குத்தி, படகு முழுவதும் கரணமடித்துவிடும். சற்றுப் பின்னே சென்றாலோ அலை அடியில் நழுவிப் போய், படகு பின்தங்கிவிடும். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் சில விரற்கடைதான். அதற்கடுத்தது ஓரங்களின் பாடம். பின்புறத்தை அலை தூக்கித் தள்ள, அணியத்தைப் பள்ளத்து நீர் பிடித்துக்கொள்ள, படகு அலைக்கு இணையாகத் திரும்பிவிடுவது சர்வ சாதாரணம். அவ்வேளையில் அலைக்கு அஞ்சிக் கரைப்பக்கம் சாய்வது மனித சுபாவம், ஆனால் கரைப்பக்கத்து ஓரம் நீரில் சிக்கிப் படகு உடனே கவிழ்வதும் அதனாலேயே. நம்மை அடிக்க வரும் நுரையின் மீதே சாய்ந்து, துடுப்பின் அலகை அதன்மேல் படிய வைக்க வேண்டும் என்பதைப் புத்தி ஒப்புக்கொண்டாலும் உடம்பு ஒப்புக்கொள்ளக் காலம் பிடிக்கிறது. உருண்டையான அடியுள்ள பழைய படகு இத்தகைய பிழையை ஓரளவு பொறுத்துக்கொள்ளும்; கூரிய ஓரமுள்ள புதிய படகு பொறுக்காது. ஆனால் அதே ஓரத்தை அலைமுகத்தில் பதித்துச் சாய்ந்தால், துடுப்பை அதிகம் தொடாமலே அழகாக வளைந்து திரும்புவதும் அதுதான்.

நம் சோழமண்டலக் கரையில் இந்த வித்தை புதிதன்று. இலேசான மரங்களைக் கயிற்றால் பிணைத்த கட்டுமரத்தில், பேரலைகளுக்கு நடுவே வரும் சிறு ஓய்வைக் கரையில் நின்று கவனித்துப் பாய்கிற மீனவரின் சாமர்த்தியம் எந்தக் கயாக் வீரனுக்கும் குறைந்ததாக எனக்குத் தோன்றவில்லை. உடைந்து மேலே விழுந்த நீர் மரங்களின் இடுக்கு வழியே வடிந்துவிடுவதால் அதில் நிரம்புவதற்கே இடமில்லை. சென்னையில் செயற்கைத் துறைமுகம் எழும் வரையில், தூரத்தில் நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து ஜனங்களையும் சரக்குகளையும் அலைகளைக் கடத்திக் கொண்டுவந்த மசூலாப் படகோ, உட்சட்டமில்லாமல் பலகைகளைத் தேங்காய்நார்க் கயிற்றால் தைத்துச் செய்யப்பட்டது. கரையில் மோதும்போது நெளிந்து கொடுப்பதே அதன் பலம். கயாக் இவ்விரண்டு வழிகளையும் விட்டு, மேற்புறத்தை மூடி, ஓட்டுபவனின் இடுப்பைச் சுற்றி நீர்காப்பு உறையை இறுக்கி, நீர் புக வழியில்லாமற் செய்துகொண்டது. அதனால்தான் கவிழ்ந்தபின் இடுப்பின் சுழற்சியாலும் துடுப்பின் வீச்சாலும் படகோடு நிமிர்ந்தெழுவது சாத்தியமாகிறது.

மலையிலிருந்து இறங்கிச் சென்று பழக விரும்புகிறவர்கள் தென்மேற்குப் பருவமழை மாதங்களில் கேரளக் கரையை நாடாதிருப்பது நலம். அப்போதைய கொந்தளிப்பு தேர்ந்தவர்களுக்கே கடினம். கடல் தணிந்த காலத்தில், மணற்பாங்கான கரையில், தலைக்கவசமும் மிதவைச் சட்டையும் அணிந்து, கூட ஒருவர் துணையிருக்க, உடைந்து வரும் சிறு நுரையலைகளிலிருந்து தொடங்கலாம். அதற்கும் முன்பாக, அசையாத நீரில் வேண்டுமென்றே கவிழ்ந்து, உறையின் முன்வாரைப் பிடித்திழுத்து வெளியே வரும் பயிற்சியைக் கைக்குப் பழக்கமாகும் வரை செய்துவிட வேண்டும்; குளிக்க அனுமதியுள்ள எந்தக் குளமும் இதற்குப் போதும்.