உப்பளக் கரையில் ஒரு நல்ல தொலைநோக்கி

தூத்துக்குடியிலிருந்து முத்தையாபுரம் வழியாகப் பழையகாயலுக்குப் போகும் சாலையின் இருமருங்கிலும் விரிந்து கிடக்கும் உப்பளங்களையும், ஐப்பசி பிறந்தது முதல் பங்குனி முடியும் வரை அவற்றின் பாத்திகளில் வந்து இறங்கும் பூநாரைகளையும் உள்ளான்களையும், துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டு முறை வரக் காத்திருக்கும் கப்பல்களையும், அனுமதியின்றி யாரும் கால்வைக்கலாகாத மன்னார் வளைகுடாத் தீவுகளையும் தினந்தோறும் எதிரே வைத்துக்கொண்டு வாழும் நம் ஊர்க்காரர்களில், ஒரு நல்ல தொலைநோக்கி வைத்திருப்பவர்கள் மிகச் சிலரே என்பது எனக்கு நெடுநாளாகவே ஒரு குறையாகத் தோன்றி வருகிறது. பணம் இல்லாமை மட்டும் இதற்குக் காரணம் அன்று. வாங்கியவர்களிலும் பலர் தவறான சாதனத்தை வாங்கி, இரண்டொரு முறை கண்ணில் வைத்துப் பார்த்துத் தலைவலி கண்டு, அலமாரியில் போட்டு மூடிவிட்டார்கள்.

அவர்களை ஏமாற்றியது பெரும்பாலும் ஓர் எண்தான். எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பதே வாங்குபவர் கேட்கும் முதல் கேள்வியாக இருக்கிறபடியால், விற்பவரும் 20 என்றும் 50 என்றும் 100 என்றும் பெட்டியின் மேல் அச்சிட்டுத் தருகிறார். உண்மையில் பைனாகுலரின் உடம்பில் பொறித்திருக்கும் இரண்டு எண்களையும் சேர்த்தே படிக்கவேண்டும். 8×42 என்றால் காட்சியை 8 மடங்கு அருகே கொண்டுவரும், முகப்பு வில்லையின் குறுக்களவு 42 மி.மீ. என்று பொருள். இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்தால் கிடைக்கும் 5.25 மி.மீ.தான் கருவியிலிருந்து நம் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அகலம். உச்சிவெயிலில் நம் கண்மணி 2 அல்லது 3 மி.மீ. அளவுக்குச் சுருங்கியிருக்கும், அந்தி மயங்கும் வேளையில் 5, இளையவர்களுக்கு 7 மி.மீ. வரை விரியும். ஆகவே 20×50 என்ற கருவி தரும் இரண்டரை மி.மீ. ஒளிவட்டம் நடுப்பகலுக்குப் போதுமானதாயினும், பறவைகள் மிகச் சுறுசுறுப்பாக இருக்கும் விடியற்காலையிலும் மாலையிலும் காட்சியை இருட்டடித்துவிடும். அதோடு, கை நடுக்கமும் இருபது மடங்காகப் பெருகிக் காணும். முக்காலி இல்லாமல் கையில் பிடித்துப் பார்க்கிறவருக்குப் பத்து மடங்குக்கு மேல் பிரயோஜனம் இல்லை; எட்டே உத்தமம் என்பது என் கட்சி.

நம் கரைக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு. காலை ஒன்பது மணி கடந்து உப்பளத் தரையும் வரப்பும் காய்ந்து சூடேறியதும், தரையை ஒட்டிய காற்று வெப்பத்தால் அடர்த்தி குறைந்து, மேலே உள்ள குளிர்ந்த காற்றோடு கலந்து கொந்தளிக்கத் தொடங்குகிறது. அதன் வழியே வரும் ஒளிக்கதிர்கள் கணத்துக்குக் கணம் வெவ்வேறு திசையில் வளைவதால், எதிர் வரப்பில் நிற்கும் பறவை நெருப்புக்கு மேலாகப் பார்த்த பொருளைப்போல் நெளிகிறது. இந்தக் கானலை எந்தக் கண்ணாடியும், எத்தனை லட்சம் கொடுத்து வாங்கியதாயினும், நீக்கித் தராது. மடங்கு கூடக் கூட நெளிவும் கூடும். முக்காலியில் நிறுத்திப் பார்க்கும் ஒற்றைக்குழல் கருவியை, அதாவது ஸ்பாட்டிங் ஸ்கோப்பை, 60 மடங்கில் வைத்துக்கொண்டு ஒன்றும் தெரியவில்லையே என்று வருந்துகிறவர், அதையே 25 மடங்குக்குக் குறைத்துப் பார்த்தால் தெளிவு திரும்பியிருப்பதைக் காண்பார். சூரியன் உதித்த முதல் இரண்டு மணி நேரத்தில் இங்கே ஒரு நடுத்தரக் கருவி காட்டுவதை, நண்பகலில் உலகின் தலைசிறந்த கருவியும் காட்டாது.

அப்படியானால் பணத்தை எதற்குக் கொடுப்பது? தெளிவுக்கும் நிறத்துக்கும். பாத்தியின் சேற்றில் அலகை ஊன்றி இரைதேடும் இரண்டு பறவைகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று பவளக்காலி, மற்றொன்று பச்சைக்காலி. இரண்டும் சாம்பல் கலந்த பழுப்பு முதுகும் வெளிறிய வயிறும் உடையவை. கால் நிறமே பெயராயிற்று. சேறு அப்பிய காலில், எதிர்வெயிலில், இருநூறு மீட்டருக்கு அப்பால் அந்தச் செம்மையைப் பிரித்தறியவேண்டுமானால், பொருளைப் பெரிதாக்குவதைக் காட்டிலும் நிறத்தைக் கலங்காமல் கொண்டுவருவதே கண்ணாடியின் முதற்கடமை. மலிவான கருவிகளில் வெளிச்சமான வானத்துக்கு எதிரே உள்ள பொருளைச் சுற்றி ஓர் ஊதா ஓரம் படரும். அந்த ஓரத்தில் காலின் நிறம் கரைந்துபோகும். பறந்து எழும்போது பவளக்காலியின் சிறகின் பின்விளிம்பில் அகன்ற வெள்ளைப் பட்டை ஒன்று பளிச்சிடும். அதைக் காணக் கிடைக்கும் அவகாசம் இரண்டு மூன்று வினாடிதான். பரந்த காட்சிப் பரப்பு உள்ள கருவியால்தான் அதற்குள் பறவையைப் பிடிக்கமுடியும். காட்சிப் பரப்பு சுருங்குவதும் மடங்கு கூடுவதால் வரும் நஷ்டங்களில் ஒன்று.

பூச்சில்லாத ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பும் தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு நான்கு பங்கைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. பத்துப் பரப்புகளைக் கடந்து வரும்போது மூன்றில் ஒரு பங்கு ஒளி வீணாகிவிடும். 1935-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் அலெக்ஸாண்டர் ஸ்மகுலா இந்த இழப்பைத் தடுக்கும் மெல்லிய பூச்சைக் கண்டறிந்தார். இன்று எல்லாப் பரப்புகளிலும் பல அடுக்குப் பூச்சு உள்ள கருவிகள் சாமானியர் எட்டும் விலையிலேயே கிடைக்கின்றன. முகப்பு வில்லை மாணிக்கச் சிவப்பாக மின்னினால் அது உயர்ந்த பூச்சு என்று மயங்கவேண்டாம். பெரும்பாலும் அது காட்சியிலிருந்து சிவப்பைத் திருடுகிற அலங்காரமே. பவளக்காலியைத் தேடுகிறவருக்கு அதைவிடத் தீங்கு வேறில்லை.

உள்ளே இருக்கும் பட்டகங்களிலும் இருவகை உண்டு. குழல் வளைந்து தோள் அகன்று தெரிவது பழைய போரோ வகை. நேர்க்குழலாய் ஒல்லியாக இருப்பது கூரைப் பட்டக வகை. பின்னதைச் செம்மையாகச் செய்ய மிக நுண்ணிய வேலை வேண்டியிருப்பதால், குறைந்த விலையில் போரோ வகையே தெளிவான காட்சியைத் தரும். ஆனால் அந்த விலைக்குக் கிடைக்கும் போரோக்களில் பல நீர் புகாதபடி அடைக்கப்பட்டவை அல்ல. நம் கடற்கரையில் இது அற்பமான விஷயம் அன்று.

ஈரமும் உப்பும் நிறைந்த இந்தக் காற்றில், தோலுறைக்குள் மூடிவைத்த தொலைநோக்கியின் உட்பரப்பில் சிலந்தி வலைபோன்ற பூஞ்சை படர்வதைக் கண்டவர்கள் பலர். ஒருமுறை வேர்விட்ட பூஞ்சை பூச்சையே அரித்துவிடும். நைட்ரஜன் வாயு நிரப்பி ரப்பர் வளையங்களால் இறுக அடைத்த கருவிகளில் ஈரம் உள்ளே புகுவதில்லை. படகில் போகிறவரும் துறைமுகத்தில் பணிபுரிகிறவரும் இதில் சிக்கனம் பார்க்கக்கூடாது. கரையிலேயே நின்று பார்க்கிறவர் அடைப்பில்லாத போரோவையும் வாங்கலாம்; ஆனால் அதைத் தோலுறையில் வைக்காமல், இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல் பைகளோடு வைக்கவேண்டும். வில்லையில் படிந்த உப்பைத் துண்டின் முனையால் அழுத்தித் துடைப்பது கண்ணாடியைக் கீறிவிடும். ஊதி, அடைப்புள்ள கருவியாயின் நல்ல தண்ணீரில் அலசி, பிறகே மெல்லிய துணியால் ஒற்றவேண்டும்.

எந்தத் தொலைநோக்கியும் அடிவானத்தைத் தாண்டாது. கடல்மட்டத்துக்கு 2 மீட்டர் உயரத்தில் கண் இருந்தால் அடிவானம் 5 கிலோமீட்டரில் முடிந்துவிடுகிறது. 10 மீட்டர் உயர மாடியில் ஏறினால் 11 கிலோமீட்டர். இந்தக் கடலில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். முத்துச்சிப்பி விளையும் கடலடித் திட்டுகளான பார்களில் பல கரையிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தபடியால், மணலில் நின்று நோக்கியவருக்குத் தோணியின் உடல் மறைந்து பாய் மட்டுமே தெரிந்திருக்கும். அதிகத் தூரம் காண விரும்புகிறவர் விலையை உயர்த்துவதற்கு முன்னால் மாடிப்படி ஏறிப் பார்க்கட்டும்.

துப்பாக்கி சுடும் விளையாட்டில் ஈடுபடும் இளைஞர்களும் இதே கேள்விகளோடு வருகிறார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற 50 மீட்டர் ரைபிள் போட்டி போன்றவற்றில் துப்பாக்கியின்மேல் தொலைநோக்கி பொருத்த விதி இடம்தருவதில்லை. பக்கத்தில் தனியாக ஒன்றை நிறுத்திக் குண்டு பட்ட இடத்தையும் காற்றின் போக்கையும் பார்க்கலாம். காற்றை அறிய உதவுவது மேலே சொன்ன அதே கானல்தான். இலக்குக்குச் சற்று முன்னால் குவியத்தை நிறுத்தினால், அந்த நெளிவு எந்தப் பக்கமாக ஓடுகிறதோ அந்தப் பக்கம் காற்று போகிறது என்று தெரியும். துப்பாக்கியிலேயே தொலைநோக்கி பொருத்திச் சுடும் நெடுந்தூரப் போட்டிகளில் மடங்கைவிடத் திருகுகளின் நேர்மையே முக்கியம். ஒரு சொடுக்குக்குக் குண்டு படும் இடத்தை 100 மீட்டரில் 1 செ.மீ. நகர்த்தவேண்டிய திருகு 300 மீட்டரில் சரியாக 3 செ.மீ. நகர்த்தவேண்டும். வலப்புறம் இருபது, மேலே இருபது, இடப்புறம் இருபது, கீழே இருபது என்று திருப்பிச் சதுரம் வரைந்து சுட்டால், கடைசிக் குண்டு முதல் குண்டின் துளைக்கே திரும்பவேண்டும். தலையைச் சிறிது அசைத்தாலும் குறுக்குக் கோடு இலக்கைவிட்டு விலகாதபடி திருத்தும் வசதியும் வேண்டும். இவ்விரண்டும் இல்லாத 24 மடங்குக் கருவியைவிட, இவ்விரண்டும் உள்ள 10 மடங்குக் கருவியே கொடுத்த காசுக்குத் தகுந்தது.

கடையில் வாங்கும்போது பைனாகுலரை முழக்கை தூரத்தில் பிடித்து வானத்தை நோக்கிக் காட்டுங்கள். கண்ணருகு வில்லையில் தெரியும் ஒளிப்புள்ளி முழு வட்டமாக இருக்கவேண்டும். ஓரங்கள் சாம்பலாகிச் சதுரம்போல் வெட்டுண்டிருந்தால் பட்டகக் கண்ணாடி தாழ்ந்தது. மின்கம்பியில் இருக்கும் காக்கையைப் பார்த்து ஊதா ஓரத்தைச் சோதியுங்கள். இரண்டு கண்ணின் காட்சியும் சிரமமின்றி ஒன்றாகச் சேரவில்லையென்றால் அதை வாங்கவே வேண்டாம். தலைவலி அங்கேதான் பிறக்கிறது. மூக்குக்கண்ணாடி அணிகிறவர்கள், கண்ணுக்கும் வில்லைக்கும் இடையே 15 மி.மீ.க்குக் குறையாமல் இடைவெளி தரும் கருவியைக் கேட்டு வாங்கவேண்டும். சுமார் 10,000 ரூபாய் அளவில் நம்பத்தக்க 8×42 கிடைக்கிறது; அதற்குமேல் விலை இருமடங்கானாலும் தெளிவு இருமடங்காவதில்லை.

இத்தனையும் படித்தபின் உடனே கடைக்கு ஓடவேண்டாம் என்றே கேட்டுக்கொள்வேன். அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையத்தினர் 2011 முதல் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுத்து வருகிறார்கள். அதில் மாணவர்களும் பொதுமக்களும் தன்னார்வலர்களாகச் சேருகிறார்கள். அங்கே ஒரு காலைப்பொழுது போய், அவர்கள் கையிலுள்ள கருவிகளை வாங்கி, உங்கள் கண்ணால் ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டுப் பிறகு வாங்குங்கள்.