நான்கும் ஒன்றுபோல

ஐ.டி.ஐ.யில் டர்னர் பிரிவு ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். வீட்டுப் பின்கட்டில் ஒரு சிறிய லேத்தைப் போட்டு, உள்ளங்கை அளவில் ஒற்றை சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் ஒன்றைச் செய்து ஓட்டியும் பார்த்துவிட்டாராம். ‘அடுத்து நான்கு சிலிண்டர் செய்ய ஆசை. ஒன்றைச் செய்த கைக்கு நான்கு பெரிய விஷயமா?’ என்று கேட்கிறார்.

பெரிய விஷயம்தான் ஐயா. வேலை நான்கு மடங்காகிறது என்பதற்காகச் சொல்லவில்லை. வேலையின் தன்மையே அங்கே மாறிவிடுகிறது.

வீட்டுப் பட்டறையில் சிறு எஞ்சின் செய்யும் கலை இங்கிலாந்தில் செழித்து வளர்ந்தது. 1898-இல் பெர்சிவல் மார்ஷல் லண்டனில் ‘மாடல் எஞ்சினியர்’ இதழைத் தொடங்கினார். அதே ஆண்டில் இந்த ஆர்வலர்களுக்கென ஒரு சங்கமும் பிறந்தது. சங்கம் இன்றும் இருக்கிறது. அந்த இதழில் பல்லாண்டுகள் எழுதிய எட்கர் வெஸ்ட்பரி, இரண்டாம் உலகப் போர் முடிந்த சில ஆண்டுகளில் ‘சீல்’ என்ற எஞ்சினின் வரைபடங்களை வெளியிட்டார். நான்கு சிலிண்டர், நீரால் குளிர்வது, வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்திலேயே நிற்கும் பழைய அமைப்பு. நான்கு சிலிண்டரும் சேர்ந்தே 15 சி.சி.தான். நம் தெருவில் ஓடும் 100 சி.சி. பைக்கின் கொள்ளளவில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. மைஃபோர்ட் எம்.எல்.7 போன்ற சிறு லேத்தில், பகல் வேலை முடித்து வந்தவர்கள் இரவு நேரங்களில் அதைச் செய்தார்கள்.

உறிஞ்சல், அழுத்தம், வெடிப்பு, வெளியேற்றம் என்ற நான்கு கட்டங்களும் பள்ளிப் பாடம், அவற்றை விட்டுவிடுகிறேன். பள்ளியில் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். இந்தக் கலைஞர்கள் அடிக்கடி சொல்வார்கள்: எஞ்சினைச் சுருக்கலாம், இயற்கையைச் சுருக்க முடியாது. ஒரு எஞ்சினின் நீள அகல உயரங்களைக் கால் பங்காக்கினால் அதன் பரப்பு 16-இல் ஒன்றாகும். கொள்ளளவோ 64-இல் ஒன்றாகும். ஆகவே உள்ளே இருக்கும் வாயுவின் அளவோடு ஒப்பிட்டால், வெப்பத்தை உறிஞ்சும் சுவர் நான்கு மடங்கு அதிகம். பெட்ரோல் துளியும் தீப்பொறி தாண்டும் இடைவெளியும் எண்ணெய்ப் படலமும் எஞ்சினோடு சேர்ந்து சிறுத்துவிடுவதில்லை.

நம் கைப்பிழையும் சிறுப்பதில்லை. பைக் எஞ்சினில் பிஸ்டன் 50 மி.மீ. ஏறி இறங்குகிறது, அழுத்த விகிதம் ஆறுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். சிலிண்டர் அகலத்தில் கணக்கிட்டால் பிஸ்டனுக்கு மேலே மிஞ்சும் இடம் 10 மி.மீ. உயரம். பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு அரை மி.மீ. நீண்டுவிட்டால் விகிதம் 6.3 ஆகும். யாருக்கும் தெரியாது. 20 மி.மீ. மட்டுமே ஏறி இறங்கும் சிறு எஞ்சினில் மிஞ்சும் இடம் 4 மி.மீ.தான். அதே அரை மி.மீ. பிழை விகிதத்தை 6.7-க்குத் தூக்கிவிடும். பக்கத்து மூன்று சிலிண்டர்கள் ஆறிலேயே இருக்கும். நான்கு சிலிண்டர் எஞ்சினில் தொல்லை இப்படித்தான் தொடங்குகிறது.

இனி, பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் ஷாஃப்ட். இந்தக் கலையில் என் மனத்தைக் கட்டிப்போட்ட உறுப்பு இதுதான். ஒற்றை சிலிண்டருக்கு ஒரே ஒரு கிராங்க் பின் போதும். தனித்தனித் துண்டுகளாகச் செய்து இணைத்துவிடலாம். நான்கு சிலிண்டருக்கு நான்கு பின்கள் வேண்டும். ஒன்றும் நான்கும் மேலே இருக்கும்போது இரண்டும் மூன்றும் கீழே இருக்க வேண்டும். நல்ல கைகாரர்கள் இதை ஒரே கம்பியிலிருந்து கடைந்தெடுப்பார்கள். 32 மி.மீ. விட்டமும் 120 மி.மீ. நீளமும் உள்ள உருக்குக் கம்பி ஏறக்குறைய முக்கால் கிலோ எடை இருக்கும். அதில் பெரும்பகுதி சுருள் சுருளாக லேத்துக்கு அடியில் விழுந்த பிறகு மிஞ்சுவதுதான் கிராங்க்.

கம்பியின் இரு முனைகளிலும் மூன்று மையங்களைக் குறிக்க வேண்டும். நடு மையம் ஒன்று. அதிலிருந்து எதிரெதிர்ப் பக்கங்களில் 10 மி.மீ. தள்ளி இரண்டு. தள்ளிய மையத்தில் மாட்டிச் சுழற்றினால் கம்பி முழுவதும் ஒரு பக்கமாக வீசி வீசிச் சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் டூல் கொஞ்ச நேரம் வெட்டும், கொஞ்ச நேரம் காற்றில் நிற்கும். பின்னைத் தொட நீண்ட ஒல்லியான டூல் வேண்டும். ஒல்லியான டூல் அதிரும். ஒரு பின்னைக் கடைந்து முடித்ததும் அந்த இடைவெளியில் அளவாக ஒரு துண்டு உலோகத்தைச் செருகி முட்டுக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் டெயில் ஸ்டாக்கின் அழுத்தத்திலேயே தண்டு வளையும்.

இதைவிட வியப்பான ஒன்று உண்டு. கடையில் பளபளவென்று கிடைக்கும் பிரைட் பாரில் கிராங்க் கடைந்தால், கடையும்போது நேராக இருந்த தண்டு லேத்திலிருந்து கழற்றியதும் வளைந்துகொள்ளும். குளிர்ந்த நிலையில் இழுத்துச் செய்த கம்பி அது. அதன் மேல்தோலும் உள்ளுடம்பும் எதிரெதிராக இழுத்தபடி சமநிலையில் நிற்கின்றன. தோலை ஒரு பக்கம் சீவியதும் சமநிலை குலைந்து உடம்பு வளைகிறது. அதனால்தான் சூடாக்கி ஆறவிட்டு நார்மலைஸ் செய்த உருக்கைத் தேடி வாங்குகிறார்கள். முதலில் கொஞ்சம் பருமனாகக் கடைந்து, தண்டைக் கழற்றி, வளைய வேண்டியதை வளையவிட்டு, அதற்குப் பிறகுதான் கடைசி அளவுக்கு வருகிறார்கள். இங்கே அவசரப்பட்டு மிச்சம் பிடிக்கக்கூடிய நேரம் எதுவும் இல்லை.

மற்ற உறுப்புகளுக்கும் இதே ஒழுங்குதான். ஒரு கனெக்டிங் ராடை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததைத் தொடங்கக் கூடாது. முதல் துளையை எல்லாவற்றுக்கும் போட வேண்டும். பிறகு செட்டிங்கை மாற்றி, இரண்டாம் துளையை எல்லாவற்றுக்கும் போட வேண்டும். நான்கு வேண்டுமென்றால் ஐந்தாகத் தொடங்குவது நல்லது. ஒன்று கெட்டால் அதற்காக மறுபடி செட்டிங் போட்டு அதே அளவைப் பிடிப்பது பெரும்பாடு.

இவ்வளவு எதற்கு? நான்கு சிலிண்டர் எஞ்சின் தன் குறையை மறைத்து வைக்கும். ஒற்றை சிலிண்டரில் பிஸ்டன் ரிங் கசிந்தால் எஞ்சின் நின்றுவிடும். குறை உடனே தெரிந்துவிடும். நான்கில் ஒன்று செத்தாலும் மற்ற மூன்றும் அதைச் சுமந்துகொண்டு ஓடும். வேகமாக ஓடும்போது காதுக்கும் பிடிபடாது. எங்கள் ஊர்க் கோயிலில் சாமி புறப்பாட்டின்போது தோள் கொடுப்பவர்களிடம் இதைப் பார்த்திருக்கிறேன். விறுவிறுவென்று நடக்கும்வரை, ஒருவர் பாரத்தை வாங்காமல் வெறுமனே தோளை வைத்திருந்தாலும் தெரியாது. மண்டகப்படிக்கு முன் நடையைத் தளர்த்தி ஆடி ஆடி வரும்போது, அந்த மூலை தாழும்.

எஞ்சினும் அப்படியே. நான்கு சிலிண்டர் மாடலின் தரத்தை அதன் உச்ச வேகம் சொல்லாது. எவ்வளவு மெதுவாக, தடுமாறாமல் நின்று ஓடுகிறது என்பதுதான் சொல்லும். எந்தச் சிலிண்டர் சோம்பியிருக்கிறது என்று கண்டுபிடிக்க மெக்கானிக்குகளின் பழைய வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்காக மின்சாரத்தை எர்த் செய்து பொறியை நிறுத்திப் பார்க்க வேண்டும். உழைக்கிற சிலிண்டரை நிறுத்தினால் வேகம் சட்டென்று குறையும். நிறுத்தியும் வேகம் மாறவில்லையென்றால் குறை அங்கேதான். ரிங் கசிவா, வால்வு உட்காரவில்லையா, கார்புரேட்டர் அந்தச் சிலிண்டருக்கு மட்டும் எரிபொருளைக் குறைத்துக் கொடுக்கிறதா என்று அதன்பின் தேடலாம்.

நான்கோடு நிற்காதவர்களும் இருக்கிறார்கள். முதல் உலகப் போர்க் கால விமானங்களுக்கு டபிள்யூ.ஓ. பென்ட்லி வடிவமைத்த பி.ஆர்.2 எஞ்சினில் ஒன்பது சிலிண்டர்கள். கிராங்க் அசையாமல் நிற்கும். ஒன்பது சிலிண்டர்களும் அதைச் சுற்றிச் சுழலும். எல்.கே. பிளாக்மோர் அதைக் கால் அளவில் செய்து, செய்முறையை ஒரு புத்தகமாகவும் எழுதினார். ஒரே காரியத்தை ஒன்பது முறையும் முதல் முறை காட்டிய அக்கறையோடு செய்த மனிதர் அவர்.

நாம் இழந்துகொண்டிருப்பது இந்த அக்கறையைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. பொறியியல் மாணவர்களில் பலர் இறுதியாண்டு புராஜெக்டைக் காசு கொடுத்து வாங்கிக் கொண்டுவருகிறார்கள். கேட்டால், கல்லூரி லேத்தைத் தொடவே நேரம் தரவில்லை என்கிறார்கள். நான் பார்த்த ஒரு கல்லூரிப் பட்டறையில் நல்ல லேத்துகள் உறை போட்டபடி துருப்பிடித்துக் கிடந்தன. ஒரு தலைமுறை உழைத்த லேத்தை, அதில் வேலை செய்ய ஆள் இல்லையென்று எடைக்குப் போடுகிறோம். முடித்த எஞ்சினைக்கூடக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைக்கிறவர்கள் உண்டு. எண்ணெய் பிசினாக இறுகி ரிங் ஒட்டிக்கொண்ட பிறகு அதை எஞ்சின் என்று எப்படிச் சொல்வது?

கணினித் திரையில் ஒரு ராடை வரைந்து நான்காக நகலெடுக்க ஒரு நொடி போதும். நான்கும் அச்சாக ஒன்றுபோல் இருக்கும். உருக்கில் அந்த ஒற்றுமையை ஒவ்வொரு முறையும் கையால் சம்பாதிக்க வேண்டும். உருக்கு வளையும், டூல் தேயும், நான்காவதைச் செய்யும்போது கை சலிக்கும் என்பதை அறிந்தவர்தான் நல்ல பொறியாளர் ஆகிறார்.

ஆகவே வாசகரே, தொடங்குங்கள். முதலில் கிராங்க்கைக் கடையுங்கள்; அது தேறினால் மற்றது தேறும். பெட்ரோல் ஊற்றி ஓட்டுவதை வீட்டுக்கு வெளியே, காற்றோட்டத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு வேண்டுகோளும் உண்டு. கனெக்டிங் ராடுகளில் இரண்டை உங்கள் தெருப் பிள்ளைகள் இருவரிடம் கொடுங்கள். பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுங்கள். ஆனால் கைப்பிடியை நீங்கள் வாங்கிவிடாதீர்கள். அவர்கள் செய்ததும் நீங்கள் செய்ததும் மைக்ரோமீட்டரில் ஒரே அளவு காட்டும்வரை எஞ்சினைப் பூட்ட வேண்டாம். அதற்கு எத்தனை மாதம் ஆனாலும் ஆகட்டும். எஞ்சின் ஓடும் நாளில், நான்கு சிலிண்டர் செய்யத் தெரிந்தவர்கள் உங்கள் தெருவில் மூன்று பேர் இருப்பார்கள்.